மணலில் ஏழு படி

பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் இறங்கும் நேரம் கரையில் நின்று பார்த்தால் சில தலைகள் மட்டும் தெரியும். அவை மிக மெதுவாக நகரும். சற்று நெருங்கிப் பார்த்தால்தான் அந்தத் தலைகளுக்குக் கீழே பனையோலையால் முடைந்த ஒரு பறி தொங்குவது புலப்படும். பறியின் விளிம்பைப் பற்கள் கவ்வியிருக்கும். இரண்டு கைகளும் தண்ணீருக்கு அடியில், சேற்றின் மேல், ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தடவிக்கொண்டே போகும். வலை இல்லை, தூண்டில் இல்லை, படகு இல்லை. மணிக்கணக்கில் குந்தியபடியும் முழங்காலிட்டும் நகரும் இவர்கள் இருளர்கள். ஆண்களைப் போலவே பெண்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். இறால் அகப்பட்டதும் கை மேலே வந்து பறிக்குள் போட்டுவிட்டு மீண்டும் சேற்றுக்குத் திரும்புகிறது.

இறால் அஞ்சினால் பின்னோக்கித் துள்ளும் உயிர். விரல் அதைத் தொடுகிற கணத்திலேயே அது எந்தப் பக்கம் பாயும் என்பதை விரல் அறிந்திருக்க வேண்டும். விரல் பட்டது இறாலா, கெளிற்றின் முள்ளா, உடைந்த சிப்பி ஓடா என்பதும் கலங்கிய நீருக்குள் கண்ணின் உதவியின்றித் தெரிந்தாக வேண்டும். எந்த இடத்துச் சேறு மென்மையாக இருந்தால் இறால் புதைந்து கிடக்கும், காற்று எப்படி அடித்தால் நீர் எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம் தாயிடமிருந்து மகளுக்குத் தண்ணீருக்குள்ளேயே கற்பிக்கப்படும் பாடம். பாடப்புத்தகம் இதை 'கையால் மீன்பிடித்தல்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். நான் இதைக் கலை என்றே சொல்வேன். பல ஆண்டுப் பயிற்சி வேண்டும், உடல் முழுவதும் ஈடுபட வேண்டும், நுட்பத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு, தலைமுறைக்குத் தலைமுறை கையளிக்கப்படுகிறது. ஒரு நாட்டியத்துக்கோ பாட்டுக்கோ நாம் வைக்கும் அளவுகோல்களில் எது இதற்குக் குறைகிறது?

ஆனால் இதை எந்த மேடையில் ஏற்றுவது? பழங்குடிக் கலைவிழா என்று ஒன்று நடக்கும்போது ஏற்பாட்டாளர்கள் தேடுவது ஆட்டத்தை, பாட்டை, தாள வாத்தியத்தை, வண்ண உடையை. மீஞ்சூர் ஒன்றியத்தில் கடலை ஒட்டியும் ஏரியை ஒட்டியும் சிதறிக் கிடக்கும் இருளர் குடியிருப்புகளில் இவற்றைத் தேடி வருபவர்கள் வெறுங்கையோடு திரும்பக்கூடும். இந்த மக்களுக்கு விழா இருக்கிறது. அது அவர்கள் ஊரில் நடப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதப் பௌர்ணமியில், தெற்கே மாமல்லபுரத்துக் கடற்கரையில் நடக்கிறது.

மாசி மகத்துக்கு ஓரிரு நாள் முன்பிருந்தே குடும்பங்கள் வந்து சேரத் தொடங்கிவிடும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் என்று வட தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வருவார்கள். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இது ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பயணம். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்தொடர் வண்டியில் சென்னை வரை வந்து, அங்கிருந்து பேருந்து மாற வேண்டும். அரிசி, பாத்திரம், விறகு, கைக்குழந்தை, வயதானவர்கள் என எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கடற்கரைக் கோயிலை அடுத்த மணற்பரப்பில் இறங்குவார்கள். நாலு கழி நட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் சேலைகளைக் கட்டினால் வீடு தயார். ஒரு மாலைக்குள் அந்த மணல்வெளி ஓர் ஊராகிவிடும். மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா என்று நூற்றுக்கணக்கான சேலைகள் கடற்காற்றில் புடைத்து நிற்கும் அந்த ஊருக்கு வரைபடத்தில் இடம் கிடையாது. மூன்று நாட்களில் அது இருந்த தடமும் இருக்காது.

அவர்கள் கும்பிடும் தெய்வம் கன்னியம்மா. ஏழு கன்னியராகவும் அவளை வணங்குவதுண்டு. அம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், பிள்ளைகள் கரைக்கு வந்து அவளைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள் என்பது இந்தக் கூடலுக்கு அவர்கள் சொல்லும் காரணம். அதே மாசி மகத்தன்று தமிழகத்தின் கரையோரம் முழுவதும் வேறொன்றும் நடக்கும். உள்ளூர்க் கோயில்களின் உற்சவமூர்த்திகள் பல்லக்கில் கடலுக்கு வந்து தீர்த்தவாரி கண்டு திரும்புவார்கள். கடல் மீனவர்களான பட்டினவர்களின் குப்பங்களில் அது பெரிய நாள். கோயில் தெய்வம் நிலத்திலிருந்து கடலுக்கு வந்து நீராடித் திரும்புகிறது. இருளர்களின் தெய்வமோ கடலில் இருந்துகொண்டு தன் மக்களைக் கரைக்கு வரவழைக்கிறது. ஒரே நாள், ஒரே அலை, எதிரெதிர்த் திசை. இந்த வேறுபாட்டை நான் சிறியதாக நினைக்கவில்லை. கோயில் கட்டி, கதவு பூட்டி, சாவியை ஒருவர் கையில் கொடுத்து வைக்கும் வழிபாடு இவர்களுடையதாக இருந்ததில்லை என்பதை அது சொல்கிறது.

பௌர்ணமி கழிந்த விடியற்காலையில் அலையின் விளிம்பில் மணலைக் குவித்து ஏழு படி கட்டுவார்கள். படிக்குப் படி பூ, மஞ்சள், குங்குமம், வெற்றிலை. பக்கத்தில் தேங்காய், பழம், விளக்கு. பூசாரி என்று தனிச் சாதி கிடையாது; அவர்களில் மூத்தவரே பூசை செய்கிறார். சாமி வந்தவர் ஆடி, குறி சொல்கிறார். குறி கேட்பவர்கள் கேட்பது பெரும்பாலும் எளிய விஷயங்கள்: பிள்ளை பிழைக்குமா, தொலைந்தவன் வருவானா, வாங்கின கடன் எப்போது தீரும். பக்கத்தில் குழந்தைக்கு மொட்டையடிப்பார்கள், காது குத்துவார்கள், பெயர் வைப்பார்கள். முந்தின நாள் இரவு பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தங்கள் இந்த விடியலில் கல்யாணமாகும். மணமேடை அந்த மணல்தான். மஞ்சள் கயிறு கட்டியதும் தம்பதி அலையில் கால் நனைப்பார்கள். சில திருமணங்கள் சென்ற ஆண்டு மகத்தில் நிச்சயிக்கப்பட்டவையாக இருக்கும். அந்த இடைவெளியில் இரு வீட்டாரும் இரு வேறு மாவட்டங்களில், சில வேளைகளில் இரு வேறு செங்கற்சூளைகளில், உழைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம் தன்னைத்தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் நாள் இது. யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் இனி வரமாட்டார்கள் என்பது அங்கேதான் தெரியவரும்.

அரசின் எண்ணிக்கையும் ஒன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அவர்களில் இருளர் 1,89,661. மலையாளிகளுக்கு அடுத்தபடியாக இவர்களே பெரிய பழங்குடி. எளிதில் நலிவுறக்கூடிய பழங்குடிகள் என்று அரசு தனியே குறித்து வைத்திருக்கும் 6 சமூகங்களில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இருளரும் அடங்குவர். 'இருளர்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. நீலகிரியிலும் அட்டப்பாடியிலும் வாழ்பவர்களுக்குத் தனி மொழி உண்டு; செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1970களில் அதற்கு இலக்கண நூல் எழுதத் தொடங்கினார். சமவெளி இருளர்கள் தமிழ் பேசுகிறார்கள். வில்லியர் என்ற பெயரும் இவர்களுக்கு உண்டு. 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தன் 7 தொகுதி நூலில் எட்கர் தர்ஸ்டனும் மலை இருளரையும் செங்கல்பட்டு, ஆற்காட்டுப் பகுதி இருளரையும் பிரித்தே எழுதினார். தொலைக்காட்சியில் ஒரு மலை இருளர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பழவேற்காட்டில் வந்து அதே ஆட்டத்தைத் தேடுகிறவர்கள் தவறான வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள்.

சமவெளி இருளர்களின் அறிவு வேறு வகையானது. எலி வளை, பாம்புப் புற்று, மூலிகை வேர், தேன், நண்டு, இறால் என்று தடம் பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்கும் அறிவு அது. ஒரு காலத்தில் பாம்புத் தோல் வணிகம் இந்த அறிவை உறிஞ்சிக் கொழுத்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்த வணிகத்தை நிறுத்தியபோது இருளர்களின் பிழைப்பும் நின்றது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கத்தில் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடப்படும் முறிமருந்தின் மூலப்பொருள் பெருமளவு இங்கிருந்தே போகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிக் கண்டுபிடிக்க மற்றவர்கள் திணறியபோது இவர்கள் தடம் பார்த்துப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒருவருடைய பெயரிலேயே மாசி இருக்கிறது.

கலை என்ற பெயரில் அல்லாமல் சமூகப் பணி என்ற பிரிவில்தான் அந்த விருது வந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நம்முடைய பிரிவுகளில் எதிலும் இந்த அறிவு சரியாக உட்காருவதில்லை.

தமிழகத்தில் நாட்டார் கலைகளுக்கும் ஒடுக்கப்பட்டோர் கலைகளுக்கும் புதிய மேடைகள் அமைக்கும் முயற்சி கடந்த 20 ஆண்டுகளில் வேகம் பெற்றிருக்கிறது. 2007 பொங்கலையொட்டித் தொடங்கிய சென்னை சங்கமம், தெருக்கூத்தையும் கரகத்தையும் தேவராட்டத்தையும் நகரப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. இடையில் நின்று, 2023இல் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரில் அரசு விழாவாகத் திரும்பியது. மார்கழிக் கச்சேரி என்றால் ஒரே வகை இசை என்றிருந்த நகரத்தில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கிக் கானாவையும் ஒப்பாரியையும் பழங்குடிப் பாடல்களையும் அரங்கின் நடுவே வைத்தது. இரண்டுமே தேவையான வேலைகள். தன் தாத்தாவின் கருவியை மேடையில் முதன்முதலாகக் கேட்கும் ஓர் இளைஞனுக்கு அது என்ன செய்யும் என்பதைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் – ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா எனக்கு இன்னும் நெருக்கமானது. பாடகர் டி. எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்தினார்கள். கர்நாடக இசையும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் ஒரே மணலில் நடந்தன. மீனவர் கலையை நகரத்து அரங்குக்கு அழைத்து வராமல், நகரத்து ரசிகர்களை மீனவர் தெருவுக்கு நடந்து வரச் செய்தது அதன் சாதனை. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது காது வேறு மாதிரி திறக்கிறது. பின்னாளில் அது சென்னை கலைத் தெருவிழா என்று பெயர் மாற்றிக்கொண்டு வேறு இடங்களுக்கும் பரவியது. 2017 ஜனவரியில் இதே வட்டத்திலிருந்து வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' மீஞ்சூருக்குப் பக்கத்து எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. கேபர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ்ப் பாட்டைக் கர்நாடக இராகங்களில் அமைத்துச் சாம்பலும் சேறுமான அந்த நிலத்தில் நின்று கிருஷ்ணா பாடினார். யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் சொந்தமான நிலம் புறம்போக்கு என்ற பழைய பொருளை அந்தப் பாட்டு மீட்டுக்கொண்டுவந்தது. இருளர்களின் பறி நிறைவதும் அப்படிப்பட்ட நிலத்திலும் நீரிலும்தான்.

இருந்தாலும் இவை எல்லாவற்றிலும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. விழாவின் தேதியை யார் வைக்கிறார்கள்? யார் பாடுவது, எவ்வளவு நேரம், எதை விட்டுவிடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மாவின் கதை இதற்கு ஒரு சான்று. 'ஐயப்பனும் கோஷியும்' படத்தில் தாமே கட்டிய இருளர் மொழிப் பாடலைப் பாடியதற்காக 2022இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. உடனே, முறைப்படி இசை பயிலாதவருக்கு இந்த விருதா என்று ஒரு குரல் எழுந்தது. பெயர்பெற்ற இசைக்கலைஞர்கள் பலர் நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார்கள். ஆனாலும் கேள்வி எழுந்த விதம் முக்கியம். ஆடு மேய்த்தபடி பாடிப் பாடிக் கெட்டிப்பட்ட ஒரு குரலை, அது போகவே விரும்பாத பள்ளியின் தேர்வில் உட்காரவைத்துப் பார்த்தார்கள்.

பிற நாடுகளில் இந்தக் கேள்வியைப் பூர்வகுடிகள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று பார்த்தபோது என்னை நிறுத்தியது நார்வேயின் வடகோடியில் நடக்கும் 'ரித்து ரித்து' விழா. அங்குள்ள பூர்வகுடிகளான ஸாமிகள் என்றாலே கலைமான் மேய்ப்பவர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் கடற்கரை ஸாமிகள் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். பள்ளியிலும் தேவாலயத்திலும் நூறாண்டுக்கு மேல் திணிக்கப்பட்ட நார்வே மொழியால் தங்கள் மொழியை இழந்து, தாங்கள் ஸாமிகள் என்று சொல்லிக்கொள்ளவே கூசினார்கள். 1991இல் மண்டாலன் என்ற சிற்றூரின் இளைஞர்கள் சிலர், நமக்கு ஏன் நம் மொழி தெரியவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதிலிருந்து இந்த விழா பிறந்தது. பெயருக்குக் கரையோரச் சிறு புயல் என்று பொருள். புயல் வீசத்தான் செய்தது. அந்தப் பகுதியின் பெயர்ப்பலகையில் ஸாமி மொழிப் பெயரையும் சேர்த்தபோது யாரோ துப்பாக்கியால் சுட்டு அதைத் துளைத்தார்கள். விழா தொடர்ந்தது. இன்று பல நாட்டுப் பூர்வகுடிக் கலைஞர்கள் அங்கே வருகிறார்கள். ராக் இசையும் ஸாமிகளின் யோய்க் பாட்டும் ஒரே மேடையில் கேட்கின்றன. பழையதை அப்படியே காட்டுவது அதன் நோக்கம் இல்லை. இன்றைக்கு உயிரோடிருக்கும் ஓர் இளைஞன் தன் மொழியில் இன்றைய பாட்டைப் பாடுவதற்கான இடம் அது.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு ஆர்னம் நிலத்தில் யோல்ங்கு மக்கள் 1999 முதல் குல்குலா என்ற தங்கள் புனித இடத்தில் 'கார்மா' விழாவை நடத்துகிறார்கள். சாயங்காலம் ஆனதும் மணற்களத்தில் குலம் குலமாக இறங்கி ஆடுவார்கள். பகலில் நில உரிமை, கல்வி, சுரங்கம் பற்றி வாதம் நடக்கும். பூர்வகுடிகளின் குரலை அரசியல் சட்டத்தில் சேர்ப்பதற்கான வாக்கெடுப்பின் வாசகத்தைப் பிரதமர் ஆன்டனி ஆல்பனீசி 2022 ஜூலையில் வெளியிட்டது அந்தக் களத்தில்தான். 2023 அக்டோபரில் அந்த முயற்சி வாக்கெடுப்பில் தோற்றது. அடுத்த ஆண்டும் யோல்ங்கு மக்கள் குல்குலாவில் கூடினார்கள். நாகாலாந்தில் 2000 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் ஹார்ன்பில் விழா அளவில் பெரியது, சுற்றுலாவுக்குப் புகழ்பெற்றது. ஆனால் அதை நடத்துவது மாநில அரசு.

இந்த வரிசையில் மாசி மகத்தை வைத்துப் பார்க்கும்போது அதன் உயரம் தெரிகிறது. மாமல்லபுரத்துக் கூடலுக்கு அமைப்புக் குழு கிடையாது, அழைப்பிதழ் கிடையாது, தலைமை விருந்தினர் கிடையாது. நிலவு தேதி வைக்கிறது. ரித்து ரித்துவும் கார்மாவும் பெரும்பாடுபட்டு அடைந்த தன்னாட்சி இவர்களிடம் முதலிலிருந்தே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் குடிநீர், விளக்கு, கழிப்பறை போன்ற வசதிகளை அரசுத் துறைகள் செய்து தருகின்றன; அது அவர்களுக்குச் சேர வேண்டியதே. தொல்லியல் சின்னங்களும் விடுதிகளும் நெருக்கும் அந்தக் கரையில் சேலைக் குடில் போடும் மணல் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதுதான் கவலை தருகிறது. யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கல் சிற்பங்களின் நிழலில், அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பாரம்பரியம் மூன்று இரவு தங்கிப் போகிறது.

இந்த விழாவைப் பழமையின் எச்சம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைய வாழ்க்கை முழுவதும் அந்த மணலுக்கு வந்துசேர்கிறது. சேலைக் குடில்களுக்கு நடுவே நடக்கும் பேச்சில் சாதிச் சான்றிதழ் வரும். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அது இல்லாமல் பிள்ளைக்குப் பள்ளி உதவித்தொகை இல்லை, வீட்டுமனைப் பட்டா இழுபறி. செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டவர்களின் கதை வரும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளாகத் திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் தொடர்ந்து இருந்திருக்கிறார்கள். 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் காவல் கொட்டடியைப் பற்றிச் சொன்னது அவர்கள் முன்பே அறிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் முதலமைச்சர் நேரில் வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டாக்களை வழங்கியதும் அந்தக் கரைக்குப் பக்கத்தில் நடந்த செய்திதான். பாட்டும் குறியும் கல்யாணமும் இந்தப் பேச்சும் ஒன்றையொன்று விட்டுத் தனியே நிற்பவை இல்லை.

மகம் முடிந்து திரும்பி வரும் ஊரின் நிலைமைதான் மிகவும் சிக்கலானது. பழவேற்காடு இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், சிறுபகுதி தமிழகத்தில். ஆரணியாறும் களங்கியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல்தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்கே காட்டையும் ஏரியையும் நம்பி வாழ்ந்த யானாதி பழங்குடிகள், 1969இல் அந்தத் தீவு ராக்கெட் தளத்துக்குத் தேர்வானபோது இடம்பெயர்க்கப்பட்டார்கள். 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் மேலே போயிற்று. நாடு பெருமைப்படும் ஒவ்வொரு ஏவுதலையும் ஏரியின் இக்கரையிலிருந்து பார்ப்பவர்களில் இருளர்களும் யானாதிகளும் உண்டு.

ஏரிக்குள்ளும் எல்லாருக்கும் ஒரே இடம் இல்லை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களில் 'பாடு' என்ற பழைய முறை இருக்கிறது. இறால் மிகுந்த துறைகளை ஊர்த் தலைக்கட்டுகளுக்கிடையே முறைவைத்துச் சீட்டுப்போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. யாரும் ஏரியைச் சுரண்டித் தீர்த்துவிடாமல், வலுத்தவன் மட்டும் பிழைக்காமல் காக்கும் முறை என்று ஆய்வாளர்கள் பலர் அதைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கே பாடு. பட்டியல் குலத்தை ஒட்டியது. இருளர்களுக்கு அதில் பெயர் இல்லை. வலை போடாத ஓரங்கள், வலை எடுத்த பின் மிஞ்சும் சேறு, இவையே அவர்களின் களம். கடலோடு பிறந்து வளர்ந்த பட்டினவர்களும் தங்களைப் பூர்வகுடிகள் என்றே உணர்கிறார்கள். அந்த உணர்வைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2007இல் ஐக்கிய நாடுகள் அவை பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இந்தியர்கள் எல்லாருமே பூர்வகுடிகள் என்பது அரசின் நிலைப்பாடு. ஏரிக்கரையில் அந்த நிலைப்பாடு கேள்வியைத் தீர்ப்பதில்லை. 2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீனுக்கும் பழங்குடிகளின் சமூக உரிமை உண்டு என்று சொல்கிறது. காடு என்று பதிவாகாத உப்பங்கழியில் அந்தச் சொல் இருளர் கைக்கு எட்டுவதில்லை.

இதற்கு மேல் வெளியிலிருந்து வரும் நெருக்கடிகள். தெற்கே எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், சாம்பல் குளங்கள். 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் ஒன்றாக நின்று எதிர்த்துவருகின்றன. அந்த எதிர்ப்பில் பாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே பக்கம் நிற்பதைப் பார்க்க முடிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது வலைகளும் படகுகளும் கறுத்த படங்களை எல்லாரும் பார்த்தோம். வலையை மாற்றலாம், படகைக் கழுவலாம். கையையே கருவியாகக் கொண்டவர்களுக்கு அந்த எண்ணெய் நேராகத் தோலில் ஏறியது.

ஏரியின் ஆந்திரக் கரையில், சூளூர்பேட்டையில், பூநாரைகளின் பெயரால் ஒரு விழா நடக்கிறது. பூநாரைகள் வரும் பருவத்தில் மக்களைத் திரட்டிப் பறவைகளை அறிமுகம் செய்கிறார்கள். நல்ல விழா. பறவையைக் காத்தால் நீரும் தப்பும். தமிழகப் பக்கமும் 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு ஒரு நாள் வைத்த ஏரியில், அதே சேற்றில் அதே இறாலைத் தேடும் மனிதர்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்பது மிகை ஆகாது.

அப்படி ஒரு விழா பழவேற்காட்டில் எப்படி இருக்கலாம் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. ஒலிபெருக்கியும் மேடையும் முதலில் வேண்டாம். தேதியை நீர் வைக்கட்டும். கரையில் கூடியிருப்பவர்களை இருளர் பெண்கள் தண்ணீருக்குள் இறக்கி, ஒரு மணி நேரம் சேற்றில் கை வைக்கச் சொல்லட்டும். நம் கையில் எதுவும் அகப்படாது. அப்போது அவர்களுடைய கை என்ன கற்றிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பறி முடைபவரும், ஓலைப்பெட்டிகள் முடையும் பழவேற்காட்டுப் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். பாடு முறையைப் பட்டினவர் பெரியவர் விளக்கட்டும். அதில் எங்களுக்கு ஏன் பங்கில்லை என்று இருளர் இளைஞன் கேட்கட்டும். பதில் வரும்வரை கூட்டம் கலையாமல் இருக்கட்டும். கைபேசியில் தன் ஊரைப் படம் எடுக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். அந்தப் படங்கள் இரவில் ஒரு சேலைத் திரையில் ஓடட்டும். இருளர்கள் வேண்டாம் என்றால் எதுவும் வேண்டாம். அந்த உரிமை அவர்களுடையது.

மகத்துக்குப் போய் வருவதில் அவர்களுக்கு ஒரு நட்டம் உண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடலின் ஏற்ற இறக்கம் கூடுதல். நீர் நன்றாக இறங்கிச் சேறு வெளியே தெரியும் நாட்கள் அவை. அந்த நாட்களில் ஏரியை விட்டுவிட்டு 90 கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து உட்காருகிறார்கள். நிலவு அவர்களை வேலைக்கும் அழைக்கிறது, விழாவுக்கும் அழைக்கிறது. ஆண்டில் இந்த ஒரு பௌர்ணமிக்கு விழா முந்திக்கொள்கிறது. விடியலில் பூசையும் கல்யாணமும் முடிந்ததும் கழிகளைப் பிடுங்கி, சேலைகளை அவிழ்த்து, மணல் உதறி மடிக்கிறார்கள். இரவு முழுதும் சுவராக நின்ற சேலை மறுபடி உடுப்பாகிறது. மத்தியானத்துக்குள் பேருந்து ஏறிவிட வேண்டும். பௌர்ணமி கழிந்து ஓரிரு நாள் வரை ஏற்ற இறக்கம் குறையாது. மீஞ்சூரில் இறங்கி வீட்டுக்குப் போய், மாலைக்குள் பறியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் இன்னும் ஒரு நல்ல வற்று கிடைக்கும்.